புது டயர், நடுங்கும் ஸ்டீயரிங்: மறுபடி பேலன்சிங்கா, அலைன்மென்ட்டா, ரிம்மா, வாரன்டியா?

நான்கு டயருக்கு இருபதாயிரத்துக்கு மேல் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து, பழைய டயரில் இல்லாத நடுக்கத்தைப் புது டயரில் பார்ப்பதுபோல் மனத்தை நோகடிப்பது வேறில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அண்மையில் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். மூவரும் டயர் வாங்கியது கோயம்புத்தூரில். கடையிலிருந்து வீடு வந்து சேரும்வரை மூவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேலந்தாவளம் வழியாக வரும் சாலையில் பெரும்பாலும் ஐம்பது, அறுபதில்தான் வருகிறோம். தெரியாமல் போனதில் வியப்பில்லை. சில நாள் கழித்துத் திருச்சூர் போக 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் உதறத் தொடங்கியது.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. நான் முதலில் செய்தது தவறான வேலை; பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

எந்த வழியில் இறங்குவதற்கும் முன் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். என் வண்டியில் நான் காணும் அறிகுறிக்கு இது மருந்துதானா? கூலியைத் தவிர அலைச்சல், சுங்கம், விடுப்பு எல்லாம் சேர்த்து உண்மையில் எவ்வளவு ஆகும்? பிற்பாடு டயர் கம்பெனியிடம் மாற்றிக் கேட்கும் உரிமையை இது கெடுக்குமா? இந்த வேலை பலிக்காமல் போனாலும், கோளாறு எங்கே இல்லை என்றாவது எனக்குத் தெரியவருமா?

கடைசிக் கேள்விதான் பெரியது. முன்னூறு ரூபாய் வேலை என்றாலும், அதைச் செய்து முடித்த பிறகும் எந்தச் சக்கரத்தில் குற்றம் என்று தெரியாவிட்டால் அது விலை அதிகமான வேலை.

## பணம் கொடுக்கும் முன், வீட்டு வாசலில்

நடுக்கம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்பதே பாதிப் பதில். ஸ்டீயரிங்கில் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். எண்பதில் தொடங்கி நூறில் உச்சமாகி அதற்கு மேல் குறைந்தால் எடைச் சமநிலையின்மை; ரிம்மில் சிறு வெயிட் அடித்து அதைச் சரிசெய்வதுதான் பேலன்சிங். இருபது, முப்பதிலேயே வண்டி மேலும் கீழும் குதித்தால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் அல்லது என்ஜின் மவுன்ட். ஆளில்லாத நேரான சாலையில் எண்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுக் கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். என்ஜின் வேகம் இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தால், சந்தேகம் சக்கரத்தின் பக்கம் திரும்புகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் வாளையார் பக்கம் பகலில் அடிக்கும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதை நடுக்கம் என்று எண்ணி அலைய வேண்டாம். காற்று எழும் முன் காலையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, எல்லாச் சோதனைகளிலும் சிறந்ததும் செலவே இல்லாததுமான சோதனை. சமதரையில் நிறுத்தி, ஜாக்கி வைத்து, ஒரு பக்கத்து முன் சக்கரத்தையும் அதே பக்கத்துப் பின் சக்கரத்தையும் இடம் மாற்றுங்கள். இடைக்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளலாம். பக்கம் மட்டும் மாற வேண்டாம்; சில டயர்களுக்குச் சுழலும் திசை உண்டு, அம்புக்குறி போட்டிருக்கும். பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி நீங்கள் முன்னிருந்து பின்னுக்கு மாற்றிய சக்கரம். எதுவும் மாறாவிட்டால் அடுத்த பக்கத்தை மாற்றுங்கள். நான்கையும் மாற்றிய பிறகும் உதறல் முன்னாலேயே நின்றால் டயர் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹப் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி), பேரிங், சஸ்பென்ஷன் என்று வண்டியைப் பார்க்க வேண்டும். குற்றவாளி எது என்று தெரிந்ததும் அந்தச் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள். கடைக்குப் போய் "வண்டி நடுங்குகிறது" என்று சொல்வதற்கும் "இந்த ஒரு சக்கரத்தைப் பாருங்கள்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர் முகத்திலேயே பார்க்கலாம்.

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| பொறுத்து ஓட்டுவது | நீண்ட நாள் நின்ற வண்டி | தவறினால் ஆபத்து, வாரன்டி தேய்மானம் |
| அதே கடையில் மறு பேலன்சிங் | 80 முதல் 110 வரை மட்டும் உதறல் | எல்லை தாண்டிய அலைச்சல், அரை நாள் |
| அலைன்மென்ட் | வண்டி ஒரு பக்கம் இழுப்பது | நடுக்கம் அப்படியே இருக்கும் |
| ரோலர் மெஷின் | பேலன்சிங் சரி, உதறல் போகவில்லை | எல்லா ஊரிலும் இல்லை |
| ரிம் வேலை | ரிம் கோணலாகச் சுற்றுவது | வெல்டிங், சூடு வைத்தல் தரும் பலவீனம் |
| வாரன்டியில் மாற்றுவது | டயரே வட்டமில்லை என்று நிரூபணமானால் | காத்திருப்பு, தேய்மானக் கழிவு |
| மெக்கானிக்கிடம் போவது | சக்கரம் மாற்றியும் இடம் மாறாத நடுக்கம் | ஒன்றைத் தேடி மூன்றை மாற்றும் பழக்கம் |

## பொறுத்து ஓட்டிப் பார்ப்பது

இந்த வழி சரியாக இருக்கும் ஒரே சூழ்நிலை நம் பக்கத்தில் நிறையவே உண்டு. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர் புது டயர் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. நின்ற இடத்தில் டயர் தட்டையாகிவிடும். அடுத்த விடுப்பில் எடுத்தால் தட தடவென்று ஓடும். நெடுஞ்சாலையில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடி டயர் சூடேறினால் பல நேரம் அது சரியாகிவிடும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். டயரை ரிம்மில் உட்கார வைக்க நாற்பது பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றிவிட்டுக் குறைக்க மறந்துவிடும் கடைகள் உண்டு; அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு சிறு கல்லும் முதுகில் தெரியும்.

பொறுக்கவே கூடாத நேரமும் உண்டு. நடுக்கம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போனாலோ, கட கடவென்று சத்தம் சேர்ந்தாலோ, வீல் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். டயர் பக்கச் சுவரில் முட்டை போலப் புடைப்பு தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. இரண்டிலும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

## அதே கடையில் மறுபடி பேலன்சிங்

உதறல் எண்பதுக்கு மேல் மட்டும் வருகிறது என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். காரணத்தைக் கணக்கில் பார்த்தால் புரியும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம், ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் எடை, கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185/65 ஆர் 15 டயர் 50 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழு முறை சுற்றும். அப்போது அந்த 30 கிராம் வெளியே இழுக்கும் விசை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 100 கிலோமீட்டரில் நொடிக்குப் பதினான்கு சுற்று. விசை நாலரைக் கிலோ. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. நொடிக்குப் பதினான்கு முறை நாலரைக் கிலோ விசையோடு யாரோ சக்கரத்தை இழுத்து விட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் கைக்கு வந்து சேர்கிறது. ஊர்ச் சாலையில் தெரியாமல் நெடுஞ்சாலையில் தெரிவதும் இதனால்தான்.

என் வண்டியில் நடந்தது இது. தென்னந்தோப்புக்குள் போய் வரும் வண்டி. சித்தூர் வட்டாரத்தின் கிழக்கே கரிசல் மண். மழை ஓய்ந்தால் சிமென்ட் போல இறுகும். ரிம்மின் உள்பக்க மடிப்பில் உள்ளங்கை அளவுக்கு அந்த மண் காய்ந்து அப்பியிருந்திருக்கிறது. டயர் மாற்றிய இடத்தில் மண்ணோடு சேர்த்தே மெஷினில் ஏற்றி, மண்ணின் எடைக்கும் சேர்த்து எதிர்ப்பக்கம் வெயிட் அடித்துவிட்டார்கள். மெஷின் பூச்சியம் காட்டியிருக்கும், பொய் சொல்லவில்லை. வீடு வரும் வழியில் மண் பாதி உதிர்ந்தது. எதிர் வெயிட் மட்டும் முழுதாக அப்படியே நின்றது. இரண்டாம் முறை மெஷினில் ஏற்றியபோது உள்பக்கம் 40 கிராம் காட்டியது. பையன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது மண். அடியில் ரிம்மின் வெள்ளி நிறம் ஈரமாகத் தெரிந்தது. பழைய வெயிட் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சுற்றியபோது உள்ளே 10, வெளியே 15 கிராம் போதுமானதாக இருந்தது. அன்று மாலையே நூறில் ஓட்டினேன். ஸ்டீயரிங் அசையவில்லை.

ஆகவே மறு பேலன்சிங் என்றால், அதே வேலையை அதே மாதிரி இரண்டாம் முறை செய்வதாக இருக்கக் கூடாது. பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம் உள்ளும் புறமும் சுரண்டிக் கழுவப்பட்டதா? பழைய வெயிட்டுகள் ஒன்று விடாமல் எடுக்கப்பட்டனவா? ரிம்மின் அகலத்தை அளந்து மெஷினில் போட்டார்களா, குத்துமதிப்பாகப் போட்டார்களா? டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா? ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. எவ்வளவு வெயிட் அடித்தாலும் நிற்காது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள், நல்ல தொழிலாளி முகம் சுளிக்க மாட்டார். மெஷின் பூச்சியம் காட்டிய பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, தண்டில் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். திரும்பவும் பூச்சியமோ ஐந்தோ வந்தால் வேலை சுத்தம். இருபது, முப்பது என்று எகிறினால் சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை. முன்பு அடித்த வெயிட் எல்லாம் வீண்.

புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேரே வர வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 80, 100 கிராம் என்று வெயிட் கேட்டால், மேலே ஒட்டிக்கொண்டே போகாமல் டயரை ரிம்மில் அரை வட்டம் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பல நேரம் பாதியாகக் குறையும்.

செலவு? டயர் வாங்கிய கடை என்றால் பலர் காசு வாங்குவதில்லை. வெளியே என்றால் சில நூறு ரூபாய். எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு உண்மையான செலவு பயணம். வேலந்தாவளம் வழியில் திரும்பினால் எண்பதில் ஓட்டிச் சோதிக்க முடியாது. வாளையார் வழியில் வந்தால் பாம்பாம்பள்ளத்தில் சுங்கம். நான் சுங்கம் கட்டிக்கொண்டு வாளையார் வழியாகவே வரச் சொல்வேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மறுபடி உதறுவதைவிட, மதுக்கரை தாண்டியதுமே தெரிந்துவிட்டால் அங்கேயே திரும்பிப் போய்விடலாம்.

## அலைன்மென்ட்

நான் வீணடித்த ஞாயிற்றுக்கிழமை இதுதான். நடுங்குகிறது என்று சொன்னதும் பக்கத்து ஊரில் ஓர் இடத்தில் அலைன்மென்ட் செய்தால் போய்விடும் என்றார்கள். செய்தேன். ஒரு துளியும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் எளிது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. கோணம் பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். சுற்றும் சக்கரத்தின் எடை ஏறுமாறாக இருப்பதை அது தொடவே தொடாது. புது டயர் போட்டால் அலைன்மென்ட் செய்வது நல்ல பழக்கம்தான். இருபதாயிரம் ரூபாய் டயர் ஓரம் தேய்ந்து போகாமல் காக்கும். நடுக்கத்துக்கு மருந்து என்று யாராவது அதை விற்றால் வாங்காதீர்கள்.

## ரோலர் அழுத்தும் மெஷின்

சாதாரண பேலன்சிங் மெஷினில் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. வண்டியின் பாரம் அதன் மேல் இல்லை. எடை சமமாக இருந்தும் டயரின் ஒரு பகுதி மற்றதைவிட விறைப்பாக இருந்தால் சாலையில் ஓடும்போது அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியை மேலே உந்தும். இதைக் காண, ஒரு ரோலரால் டயரை அழுத்திக்கொண்டே சுற்றும் மெஷின்கள் உண்டு. டயரின் விறைப்பான இடத்தை ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு சேர்த்துப் போட வேண்டிய நிலையையும் அதுவே காட்டும்.

இது சின்ன ஊர்களில் கிடைக்காது. போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கூலியும் கூடுதல். ஆனால் பேலன்சிங் இரண்டு முறை சுத்தமாகச் செய்தும் உதறல் நின்றபாடில்லை என்றால், மூன்றாவது முறை அதே வேலைக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். டயர் கம்பெனியிடம் பேசும்போது கையில் ஒரு அளவு இருக்கும்.

## ரிம்: பெண்டு எடுப்பதா, மாற்றுவதா

பழைய டயர் ரிம்முக்கு ஏற்பத் தேய்ந்து, அதன் சிறு கோணலை மறைத்து வைத்திருக்கலாம். புது டயர் அதை வெளியே காட்டிவிடும். பேலன்சிங் மெஷினில் சுற்றும்போதே ரிம்மின் ஓரத்துக்கு எதிரே ஒரு பேனாவை அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் கோணல் உண்டு.

இரும்பு ரிம் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: புதிது வாங்குங்கள். அலாய் என்றால் விலை கூடுதல், அதனால் பெண்டு எடுக்கும் ஆசை வரும். உள் ஓரத்தில் சிறு நெளிவு என்றால் எடுக்கலாம். விரிசல் விட்டு வெல்டிங் வைத்த ரிம்மையோ, கம்பிகள் சேரும் இடத்தில் சூடு வைத்து நிமிர்த்திய ரிம்மையோ முன் சக்கரத்தில் போட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வராது. நிமிர்த்திய ரிம்மில் காற்று மெல்ல இறங்குவதும் வழக்கம். வாரம் ஒருமுறை காற்றடிக்கும் வேலை கூடவே வரும். வெளிச்சந்தை அலாய் போட்டவர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் நட்டுகளை நம்பியே நடுவில் உட்காருகிறது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் கிடைக்கும். சிறிய பொருள், பெரிய நிம்மதி.

## வாரன்டியில் மாற்றிக் கேட்பது

வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். பள்ளத்தில் இடித்த புடைப்புக்குப் பெரும்பாலும் கிடையாது. கம்பெனி ஆள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு நாளாகும். ஒப்புக்கொண்டாலும் தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். புது கார் டயரில் பட்டன் (சாலையில் படும் ரப்பர் வரிகள்) ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நீங்கள் தயங்கித் தயங்கி ஓட்டும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்கைக் கூட்டுகிறது. எனவே முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.

எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் பில்லில் கண்ணாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்றால் அந்தக் குறைப்பு நடுக்கம் வந்த அன்றே காணாமல் போகும். பில்லில் வண்டி எண், டயர் எண் இரண்டும் இருக்கட்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. வாங்கும் அன்றே படம் எடுத்து வையுங்கள். ரிம் நேராக இருக்கிறது, பேலன்சிங் சுத்தம், வேறு ரிம்மில் போட்டாலும் அதே டயர் குதிக்கிறது என்ற மூன்றும் கையில் இருந்தால் மட்டுமே இந்த வழியில் இறங்குங்கள். இல்லாவிட்டால் "பேலன்சிங் செய்து பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

## வண்டியைப் பார்ப்பது

சக்கரங்களை மாற்றியும் உதறல் அதே இடத்தில் நின்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ஆனால் "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். இட வலமாக ஆட்டினால் டை ராடு. ஆட்டத்தை உங்கள் கையாலேயே உணர்ந்த பிறகு பாகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

அதற்கும் முன் ஹப் முகத்தைப் பாருங்கள். துருவோ மண்ணோ ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தால் ரிம் சாய்வாக உட்காரும். கம்பி பிரஷ்ஷால் பத்து நிமிட வேலை. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கும் கடைகளில் ஒன்று இறுகி ஒன்று தளர்ந்து நிற்கும். கையால் பிடித்து, எதிரெதிராக, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. ஏறுமாறாக இறுக்கிய நட்டு பிரேக் டிஸ்க்கையும் கோணலாக்கும். சில மாதம் கழித்துப் பிரேக்கில் உதறும்போது டயர் கடை யாருக்கும் நினைவிருக்காது. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறியிருக்கும்போது, அந்த ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். என் வண்டியில் அன்று ஒரு நட்டு கால் சுற்றுத் திரும்பியது.